தேனீக்கு ஓமம், உள்ளி, மூலிகை டொனிக் எண்டு குடுத்துப் பாத்த ஆக்கள் ஆரும் இருக்கிறியளோ? (யாழ்ப்பாணம்)

நீர்வேலிப் பெடியன்

எல்லாருக்கும் வணக்கம். நீர்வேலியில வாழைத்தோட்டக் கரையில நாலு தேன்பெட்டி வைச்சிருக்கிறன், தொடங்கி ரெண்டு வருசந்தான். எல்லாம் எங்கட ஊர்த் தேனீ, ரெண்டு கூடு ஒரு பாழ்வீட்டுச் சுவர்ப் பொந்துக்குள்ள இருந்து பிடிச்சது, மற்ற ரெண்டும் காசுக்கு வாங்கினது. போன வருசம் வேப்பம்பூவோட ஆறு போத்தல் எடுத்தனான், அந்தப் புளுகத்திலதான் இந்த வருசமும் விடாமல் நிக்கிறன்.

இந்தமுறை மாரி முடிஞ்சு தை பிறந்தும் ரெண்டாவது, மூண்டாவது பெட்டி ரெண்டும் ஏறுதே இல்லை. இராணி இருக்கு, முட்டையும் கண்டனான், ஆனா சனம் கூடுதில்ல. காலமை வாசலுக்கு முன்னால குந்தியிருந்து பாத்தா பத்துப் பதினைஞ்சு தேனீ பலகையில இருந்து பொத்தெண்டு விழுந்து புல்லுக்குள்ள ஊர்ந்து திரியுது, எழும்பப் பாக்குது, ஏலாமல் திரும்ப விழுது. ஒண்டு என்ர செருப்பில ஏறி இறகை விரிச்சபடி நிண்டது, விரலால தட்டியும் பறக்கேல்ல, வயிறு கொஞ்சம் ஊதின மாதிரி இருந்தது.

மச்சான் வட்ஸ்அப்பில ஒண்டு அனுப்பினவர், ஒராள் தேனீக்கு மூலிகை டொனிக் விக்கிறாராம், 250 மில்லி 3800 ரூபா, ஓமம் உள்ளி மஞ்சள் வேம்பு எண்டு 18 மூலிகை, குடல் கிருமி உண்ணி வைரஸ் எல்லாத்துக்கும் கேக்குமாம். அந்த "எல்லாத்துக்கும்" எண்ட சொல்லிலதான் எனக்கு யோசனை. அம்மா சொல்லுறா உதுக்கேன் காசு, ஓமத்தை அவிச்சு சீனிப்பாணியோட குடு, சின்னனில உனக்கு வயித்துக்குத்துக்கு அதைத்தானே தந்தனான் எண்டு. நான் தேனீயில்லையே எண்டா கோவிக்கிறா.

குடுக்கலாமோ? குடுத்தா எவ்வளவு? ஆரும் செய்து பாத்தனியளோ?

பனங்கூடல்

வேப்பெண்ணெய் அடியுங்கோ தம்பி. தண்ணியில கலந்து சொட்டு சோப்பும் விட்டு பெட்டிக்குள்ள இருக்கிற மரச்சட்டத்துக்கு மேல ஸ்பிறே பண்ணினாச் சரி. வேம்புக்கு மிஞ்சின கிருமிகொல்லி இல்லை. எங்கட வெண்டிக்கு நாங்கள் அதைத்தான் அடிக்கிறனாங்கள், ஒரு பூச்சி கிட்ட வராது.

கொடிகாமத்தான்

ஒரு பூச்சியும் கிட்ட வராது எண்டு நீங்களே சொல்லுறியள், தேனீ என்ன ஆடோ மாடோ அண்ணை, அதுவும் பூச்சிதானே ஹாஹா.

பகிடி இல்லை தம்பி, நான் உள்ளியால பட்டவன். மூண்டு வருசத்துக்கு முன்னம் யூரியூப்பில ஒராள் சொன்னதைக் கேட்டு பத்துப் பல் உள்ளியை அம்மியில அரைச்சு துணியில கட்டி சட்டத்துக்கு மேல வைச்சிட்டு, காணாதெண்டு பாணிக்குள்ளயும் பிழிஞ்சு விட்டன். அண்டைக்குப் பின்னேரமே வாசல் முழுக்க வந்து தாடி மாதிரித் தொங்கிக்கொண்டு நிண்டதுகள். அடுத்தநாள் பத்து மணிபோல ஒரு இரைச்சல், ஓடிப் போய்ப் பாத்தா முழுக்கூடும் எழும்பி முருங்கை உச்சியில போய் இருக்கு, ஏணி வைச்சு ஏற முதல் அங்கயிருந்தும் எழும்பி தென்னங்காணிப் பக்கமாப் போட்டுது. பெட்டியைத் திறந்தா முட்டை, புழு, அரைவாசித் தேன் எல்லாத்தையும் விட்டிட்டுப் போயிருக்கு, அந்த உள்ளிப் பொட்டளி மட்டும் நடுவில. மனுசி இண்டைக்கும் ரசம் வைக்கேக்க அதைச் சொல்லிக் காட்டுவா.

எங்கட தேனீக்கு ரோசம் கூட. வெள்ளைக்காரன்ர தேனீ எதையும் பொறுத்துக்கொண்டு இருக்கும், இது மணம் பிடிக்காட்டி வீட்டையே விட்டிட்டுப் போயிடும். அதை ஞாபகம் வைச்சுக்கொண்டு மிச்சத்தை யோசியுங்கோ.

மட்டுவில் ஐயா

தம்பி, நீர் மருந்தைக் கேக்கிறீர், வருத்தம் என்னெண்டு இன்னும் சொல்லேல்ல. ஊர்ந்து திரியுது, பறக்கேல்ல எண்டது காய்ச்சல் எண்டு சொல்லுற மாதிரி, அதுக்கு நூறு காரணம்.

நான் எண்பதுகளில இருந்து வைச்சிருக்கிறன், இடையில 2000ஆம் ஆண்டு தென்மராட்சி இடம்பெயரேக்க 11 பெட்டியையும் அப்பிடியே விட்டிட்டு ஓடினனாங்கள், திரும்பி வரேக்க பெட்டியும் இல்லை பலாமரமும் இல்லை. அது வேற கதை. இப்ப ஏழு பெட்டி.

முதல் பாக்க வேண்டியது பக்கத்துத் தோட்டம். நீர்வேலி, கோப்பாய்ப் பக்கம் வெங்காயத்துக்கும் புகையிலைக்கும் அடிக்கிற அடி எங்களுக்குத் தெரியும். மருந்தில செத்த தேனீ நாக்கை நீட்டிக்கொண்டு கிடக்கும், வாசல் பலகையில நடுங்கிச் சுழலும், அதுவும் அடிச்ச அண்டைக்கும் அடுத்த நாளும் குவியலாக் கிடக்கும், பேந்து நிக்கும், திரும்ப அடிச்சாத் திரும்பவும் விழும். குடல் வருத்தம் எண்டா அப்பிடியில்ல, ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கொஞ்சம், ஓட்டைப் பானையில தண்ணி போற மாதிரி. ஆகவே ஒரு கடுதாசியில திகதி போட்டு காலமை காலமை விழுந்ததை எண்ணி எழும், ஒரு கிழமையில பாதி விசயம் விளங்கிடும்.

பேந்து சட்டத்தைத் தூக்கிப் புழுவைப் பாரும். நல்ல புழு முத்துமாதிரி வெள்ளையாச் சுருண்டு கிடக்கும். அறைக்குள்ள நீட்டி நிமிந்து தலையை மேல தூக்கிக்கொண்டு கிடந்து, ஊசியால தூக்க தண்ணிப்பை மாதிரி வந்துதெண்டா அது பைப்புழு வருத்தம், வைரஸ். எங்கட தேனீயில வாற வகை 1976இல தாய்லாந்தில கண்டுபிடிச்சது, 1991-92இல தென்னிந்தியாவில எங்கட தேனீ இனத்தைத்தான் துடைச்செடுத்தது, கேரளம் கன்னியாகுமரிப் பக்கமெல்லாம் வெறும் பெட்டிதான் மிச்சம். அதுக்கு உந்தப் போத்திலும் கேக்காது, ஒரு போத்திலும் கேக்காது, இராணியைக் கொஞ்ச நாள் அடைச்சு முட்டை விடாமல் நிப்பாட்டி நோய்ப்புழுவை வெளியேத்த விடுறதுதான் வழி.

போத்தில்ல உண்ணிக்கும் எண்டு போட்டிருக்கிறதைப் பாத்துச் சிரிச்சன். வறோவா உண்ணி எங்கட தேனீயோட பரம்பரை பரம்பரையாக் குடியிருக்கிற சாமான், எங்கட தேனீ அதை ஒண்டுக்கொண்டு பாத்துக் கடிச்சுப் பிடுங்கி எறியும், உண்ணிக்கும் ஆண்தேனீ அறையிலதான் குஞ்சு பொரிக்க வாய்க்கிறது. வெள்ளைக்காரன்ர தேனீக்குத் தாவின பிறகுதான் அது பேயாட்டம் ஆடினது, டிஸ்ட்றக்டர், அதாவது அழிக்கிறவன், எண்டு பேரே 2000இலதான் வைச்சவை. ஆக அந்த லேபிளை எழுதின ஆள் வெளிநாட்டுப் போத்திலைப் பாத்து எழுதியிருக்கிறார், எங்கட பெட்டியைத் திறந்து பாத்து எழுதேல்ல.

இந்த மூண்டும் இல்லையெண்டாத்தான் குடல். வாசல்ல ஊர்ற தேனீயைப் பிடிச்சு, தலையைக் கிள்ளிப்போட்டு, வால் நுனியை நகத்தால பிடிச்சு மெல்ல இழுத்தா குடல் முழுசா வரும். நல்ல குடல் வைக்கல் நிறமா வளையம் வளையமாத் தெரியும். ஊதி வெளிறி வளையம் மறைஞ்சிருந்தா சந்தேகப்படலாம். என்ர கண்ணுக்கு இப்ப அது பிடிபடுறதில்ல, பேரனைக் கூப்பிடுறனான்.

நுண்ணங்கி

ஐயா சொன்னது எல்லாம் சரி, குடல் நிறத்தை மட்டும் நம்பவேண்டாம், கனக்க நேரம் ஏமாத்தும். நான் விவசாயம் படிச்சனான், லாப்பில கொஞ்சக் காலம் இதுக்குள்ள நிண்டதால எனக்குத் தெரிஞ்சதைச் சொல்லுறன், கொஞ்சம் நீளமா வரும், குறை நினைக்காதேங்கோ.

குடலில வாற ஒட்டுண்ணி நொசீமா. பங்கசுக்கு ஒண்டுவிட்ட சகோதரம் எண்டு வைச்சுக்கொள்ளுங்கோ. அதில ரெண்டு இருக்கு. ஒண்டு 1909இல ஜேர்மனியில விபரிச்சது, வெள்ளைக்காரத் தேனீயின்ரது. மற்றது 1996இல சீனாவில எங்கட தேனீ இனத்தில இருந்துதான் முதல் விபரிச்சது, எங்கட தேனீயின்ர செரானா எண்ட பேரையே அதுக்கும் வைச்சு நொசீமா செரானே எண்டிட்டினம், பத்து வருசத்துக்குள்ள தாய்வானிலயும் ஸ்பெயினிலயும் வெள்ளைக்காரத் தேனீக்குள்ளயும் கண்டவை. அதின்ர வித்தி, விதை மாதிரிப் பரவுற சாமான், ஒரு மில்லிமீற்றரில இருநூறில ஒரு பங்கு நீளமும் இல்லை. தேனீ அதை விழுங்க, குடலுக்குள்ள போய் வித்திக்குள்ள சுருட்டி வைச்சிருக்கிற ஒரு குழாயை அம்பு மாதிரி எய்து குடல் கலத்துக்குள்ள தன்ர சரக்கை ஊசி போட்ட மாதிரி இறக்கும். கலம் முழுக்க வித்தியாப் பெருகி வெடிக்கும். பேந்து அந்தத் தேனீ எவ்வளவு தின்டாலும் சத்துப் பிடிக்காது, புழுவுக்குப் பால் குடுக்கிற சுரப்பியும் வத்தும், வயசுக்கு முந்தியே வெளி வேலைக்குப் போய்ச் சாகும். இராணி முட்டை விட விட சனம் கூடாமல் நிக்கிறது அதாலதான் இருக்கலாம். செரானேயில வயித்தோட்டம் பெரிசாத் தெரியாது, பெட்டியில கறை இல்லையெண்டு நிம்மதிப்படவும் ஏலாது.

உறுதிப்படுத்த ஒரு வழிதான். வெளியில போட்டு வாற வயசான தேனீயில ஒரு இருபது முப்பதைப் பிடிச்சு, வயித்தை மட்டும் தண்ணியில நசிச்சு, ஒரு துளியை 400 மடங்கில பாருங்கோ. வித்தி நெல்லுமணி மாதிரி, ஓரம் கறுத்து உள்ளுக்குப் பளிச்செண்டு இருக்கும், எல்லாம் ஒரே அளவு. ஏலெவல் படிப்பிக்கிற ஏதாவது பள்ளிக்கூட லாப்பில உந்த மைக்குறோஸ்கோப் இருக்கும். பெட்டிக்குப் பெட்டி வேற வேறயாப் பிடியுங்கோ, ஒரே போத்திலுக்குள்ள போட்டுக் கலக்காதேங்கோ.

இனி மூலிகைக்கு வாறன். துப்பரவாப் பொய் எண்டும் சொல்ல ஏலாது. நொசீமாவுக்கு முதல் இருந்த மருந்து பியூமாஜிலின், அதுவும் ஒரு பங்கசில இருந்து எடுத்த அன்ரிபயோற்றிக், 1950களில இருந்து பாவிச்சவை. ஐரோப்பாவில இப்ப அனுமதி இல்லை. 2013இல அமெரிக்காவில பாத்திருக்கினம், பெட்டிக்குள்ள அது நாளோட நாள் ஐதாகி ஒரு அளவுக்குக் கீழ போனா நொசீமா செரானே மருந்தே குடுக்காத தேனீயில இருக்கிறதைவிடக் கூடப் பெருகுதெண்டு. அதாலதான் இவ்வளவு பேரும் செடிகொடிப் பக்கம் திரும்பினவை. இத்தாலியில 2008இல கூண்டுக்குள்ள தேனீயை அடைச்சு வைச்சு தைமோல், முந்திரிகைப் பழத் (கிரேப்ஸ்) தோலில இருக்கிற றெஸ்வெரற்றோல், எங்கட வெட்டிவேர் எண்ணெய், முட்டை வெள்ளைக்கருவில இருக்கிற லைசோசைம் எண்டு நாலையும் குடுத்துப் பாத்தவை. தைமோலும் றெஸ்வெரற்றோலும் தொற்றைக் குறைச்சது. வெட்டிவேர் பேர் வாங்கேல்ல, பாவம். தைமோல் எண்டது வேற ஒண்டுமில்ல, ஓமத்தில மணக்கிற சாமான். அந்தளவில உங்கட அம்மா சொன்னதில விசயம் இருக்கு.

ஆனா அளவு. அப்பிடிப்பட்ட பரிசோதனையளில குடுக்கிறது ஒரு கிலோ பாணிக்குக் கிட்டத்தட்ட 100 மில்லிகிராம், ஒரு சிட்டிகையை விடக் குறைவு. ஒரு தேக்கரண்டி ஓமம் ரெண்டு கிராம் எண்டு வையுங்கோ, அதில எண்ணெய் 2 முதல் 4 சதவீதம், அதில பாதி தைமோல் எண்டா 20, 40 மில்லிகிராம். அவிக்கேக்க அடுப்படி முழுக்க மணக்குதெல்லே, அந்த மணந்தான் தைமோல், முகட்டுக்குப் போறது. ஆக அவிச்ச தண்ணியில எவ்வளவு மிஞ்சியிருக்கு எண்டு ஆருக்கும் தெரியாது. கூடினா தேனீ பாணியைத் தொடாது, இல்லாட்டி கொடிகாமத்தார் சொன்ன மாதிரி முருங்கை உச்சிக்குப் போயிடும். இன்னொண்டு, இந்தக் கணக்கெல்லாம் வெள்ளைக்காரத் தேனீயில எடுத்தது, எங்கட தேனீ உடம்பில சின்னன்.

வேப்பெண்ணெய் எண்ட அண்ணைக்கு: கனடாவில 2000இல அதையே பெட்டிக்குள்ள ஸ்பிறே பண்ணிப் பாத்தவை. உண்ணி குறைஞ்சது மெய். ஆனா மூடின புழுவறை பாதியாக் குறைஞ்சது, அளவு கூடின பெட்டியளில இராணியும் போட்டுது. வேம்பு வேலை செய்யிறதே பூச்சிக் குடம்பியைத் தோல் கழட்ட விடாமல் பண்ணித்தானே. வெண்டியில இருக்கிற புழுவுக்குச் செய்யிறதை தேனீப் புழுவுக்கும் செய்யும்.

கைமருந்து

உங்களுக்கு இத்தாலிக்காரனும் கனடாக்காரனும் சொன்னாத்தான் வேதம். எங்கட பரியாரிமார் ஓமத்தையும் உள்ளியையும் எந்த மைக்குறோஸ்கோப்பில பாத்துக் கண்டுபிடிச்சவை? நான் ரெண்டு வருசமா மஞ்சளும் துளசியும் போட்டுத்தான் பாணி குடுக்கிறன், ஒரு பெட்டியும் சாகேல்ல. மஞ்சள் இறக்குமதியை நிப்பாட்டி விலை ஏறின நேரத்திலயும் வாங்கிப் போட்டனான். ஒழுங்கான நம்பிக்கை வேணும்.

நுண்ணங்கி

பரியாரியார் நாடி பிடிச்சுப் பாக்காமல் மருந்து தந்தவரோ அண்ணை? நானும் அதைத்தான் கேக்கிறன். உங்கட பெட்டி சாகேல்ல எண்டது சந்தோசம், மஞ்சள் போடாத பெட்டி ஒண்டு பக்கத்தில வைச்சிருந்தனியளோ? அதுவும் சாகேல்ல எண்டா என்ன சொல்லுவியள்?

கைமருந்து

எல்லாத்துக்கும்தான் போடுறன். ஒண்டுக்குப் போட்டு ஒண்டுக்குப் போடாமல் விட மனம் வராது.

மட்டுவில் ஐயா

மனம் வராதுதான். நானும் அப்பிடித்தான். ஆனா அந்தப் பிள்ளை கேட்டது ஞாயமான கேள்வி.

தம்பி, நான் ஒண்டு சொல்ல மறந்திட்டன். உந்தச் சட்டங்கள் என்ன நிறம்? வெயிலுக்குப் பிடிச்சா வெளிச்சம் தெரியாத கறுப்புத் தேன்வதை எண்டா அதைக் கழட்டும். பழைய வதையைக் கட்டிப்பிடிச்சுக்கொண்டு மருந்து குடுக்கிறது, ஊத்தைப் பாயில படுக்க வைச்சுக் கசாயம் குடுக்கிற மாதிரி.

நுண்ணங்கி

ஓம், வதையை விட்டிட்டன், அதுதான் முக்கியம். வித்தி கழிவோட வதையில ஒட்டியிருக்கும், துப்பரவு செய்யிற இளம் தேனீ அதை நக்கி எடுக்கும், சுத்திச் சுத்தி அதே கதை. நொசீமா செரானே வித்தி 60 பாகை வெப்பத்தையும் தாங்கும், எங்கட பங்குனி வெயிலில காய வைச்சால் ஒண்டும் ஆகாது. ஆனா குளிருக்குப் பயம். டீப் பிறீசரில ஒரு கிழமை வைச்சா பெரும்பாலானது வலுவிழந்துபோகும், மெழுகுப்புழுவின்ர முட்டையும் அதோட சரி.

இன்னொரு விசயம், போத்திலில வாறது மட்டும் மூலிகை இல்லை. மகரந்தமே மூலிகைதான். 2018இல அமெரிக்காவில ஒரு ஆய்வு வந்தது, சூரியகாந்தி மகரந்தம் தின்ட தேனீயில நொசீமா குறைஞ்சதாம், வண்டுத்தேனீ (பம்பிள்பீ) குடலில இருக்கிற இன்னொரு ஒட்டுண்ணியும் நல்லாக் குறைஞ்சதாம். ஆனா சூரியகாந்தி மகரந்தத்தில புரதம் குறைவு, அதை மட்டும் தின்டா தேனீக்குச் சத்துக் காணாது, கலந்து தின்ன வேணும். அதுக்கு முதல் 2013இல இல்லினோய் பல்கலைக்கழகத்தில கண்டது, மகரந்தத்திலயும் தேனிலயும் இருக்கிற ஒரு அமிலம் தேனீயின்ர உடம்பில நஞ்சை முறிக்கிற வேலையைத் தட்டி எழுப்புதாம், சீனிப்பாணியில அது இல்லை. எங்கட ஆக்கள் மாரி முழுக்கச் சீனிப்பாணியை மட்டும் ஊத்திப்போட்டு தை பிறக்க பெட்டி பலமா இருக்க வேணும் எண்டு எதிர்பாக்கிறது பிழை. எடுக்கிற தேனில ரெண்டு சட்டத்தை மாரிக்கு விடுங்கோ.

கொடிகாமத்தான்

ரெண்டு சட்டத்தை விட்டா நான் விக்கிறது என்னத்தை? சும்மா சொன்னன், விடலாம்.

நீர்வேலிப் பெடியன் எங்க, ஆளைக் காணேல்ல?

நீர்வேலிப் பெடியன்

இருக்கிறன் அண்ணை, எல்லாத்தையும் வாசிச்சிட்டுத்தான் இருக்கிறன். மூண்டு கிழமை கழிச்சு எழுதுறன், பிந்தினதுக்கு மன்னியுங்கோ.

ஐயா சொன்னபடி கலண்டர்த் தாளின்ர பின்பக்கம் எண்ணி எழுதினன். ரெண்டாவது பெட்டி ஒவ்வொரு நாளும் 12, 9, 14, 11 எண்டு ஒரே மாதிரி. மூண்டாவது பெட்டி 3, 2, 4 எண்டு போய் ஒரு வியாழக்கிழமை 160க்கு மேல, அடுத்தநாள் 70, பேந்து திரும்ப 5. நாக்கைப் பாத்தன், நீட்டிக்கொண்டுதான் கிடந்தது. அவசரப்பட்டு ரெண்டையும் ஒரே வருத்தம் எண்டு நினைச்சிட்டன்.

சித்தப்பா ஒராள் பள்ளிக்கூடத்தில உயிரியல் படிப்பிக்கிறவர், ரெண்டு ஜாம் போத்திலில ஸ்பிரிட் விட்டு ஒவ்வொரு பெட்டியிலயும் முப்பது முப்பது பிடிச்சுக்கொண்டு போனன். முதல் மூண்டாவது பெட்டியை வைச்சம், மகரந்தம்தான் தெரிஞ்சது, வட்டமா, முள்ளு முள்ளா, வடிவா இருந்தது. நெல்லுமணி ஒண்டும் இல்லை. ரெண்டாவதை வைச்சோடன சித்தப்பா "இஞ்ச வந்து பார்" எண்டார். முழுக்க நெல்லு. சாக்கைக் கொட்டின மாதிரி. எண்ண வெளிக்கிட்டு விட்டிட்டம். அவர் தன்ர பிள்ளையளுக்குக் காட்டவெண்டு அந்தக் கண்ணாடியை அப்பிடியே வைச்சுக்கொண்டார்.

மூண்டாவது பெட்டி விசயத்துக்குப் பக்கத்து வெங்காயக்காரரிட்டப் போனன். சண்டை பிடிக்கப் போகேல்ல, நாளைக்கும் முகம் பாக்கிற ஆள். "அண்ணை காலமை அடிக்கிறதைப் பொழுதுபட அடியுங்கோ, முதல்நாள் ஒரு மிஸ்ட் கோல் தாங்கோ, நான் வாசலை மூடி ஈரச்சாக்குப் போட்டுவிடுறன்" எண்டன். தலையாட்டினார். போன கிழமை மிஸ்ட் கோலும் வந்தது. அண்டைக்கு விழுந்தது ஒம்பது. அந்தப் பெட்டிக்கு 3800 ரூபா டொனிக்கை ஊத்தியிருந்தா என்ன நடந்திருக்கும் எண்டு யோசிச்சுச் சிரிச்சம்.

ரெண்டாவது பெட்டிக்கு, உண்மையைச் சொல்லுறன், அம்மாவின்ர ஓமத்தண்ணி குடுத்துப் பாத்தனான். அவிக்காமல் இளஞ்சூட்டுத் தண்ணியில மூடி வைச்சு ஊறவிட்டு, அரைப் போத்தல் பாணிக்கு ஒரு தேக்கரண்டிதான். ரெண்டு நாளாத் தொடேல்ல. மூண்டாம் நாள் அதைக் கவிட்டு ஊத்திப்போட்டு வெறும் பாணி வைச்சன், விடியக் காலமை கிண்ணம் துடைச்ச மாதிரி இருந்தது. ஓமம் அவ்வளவோட முடிஞ்சுது.

மற்றது, கறுத்த வதை நாலு சட்டத்தில மூண்டைக் கழட்டிட்டன், பெட்டியைப் பலகை வைச்சு ஒடுக்கினன், முதலாம் பெட்டியில இருந்து தேனோட ஒரு சட்டம் எடுத்துக் குடுத்தன். ரெண்டுக்கும் ஒரே கத்தி பாவிக்காமல் கழுவிக் கழுவித்தான் பாவிக்கிறன். முருங்கையும் இப்ப பூத்திருக்கு. காலமை விழுறது இப்ப மூண்டு, நாலு. புது மெழுகில வெள்ளை வதை ஒரு உள்ளங்கை அளவுக்குக் கட்டியிருக்கு, இராணி அதுக்குள்ள முட்டை விட்டிருக்கிறா. வதை மாத்தினதாலயோ, தேன் குடுத்ததாலயோ, முருங்கைப் பூவாலயோ, எனக்குத் தெரியாது, எல்லாத்தையும் ஒரே கிழமையில செய்தனான்.

மட்டுவில் ஐயா

வெள்ளை வதை கட்டுதெண்டா நல்லம். அவசரப்பட்டுத் தேன் எடுத்துப் போடாதையும், அந்தப் பெட்டியில இந்த வருசம் கை வைக்கவேண்டாம். வேப்பம்பூ வரட்டும். பண்டாரவளை பிந்துனுவெவவில விவசாயத் திணைக்களத்தின்ர தேனீப் பிரிவு இருக்கு, அந்தப் பக்கம் போற அலுவல் வந்தா ஒருக்காப் போய்ப் பாரும்.

கழட்டின வதையை என்ன செய்தனீர்? வெளியில எறிஞ்சா மற்றப் பெட்டித் தேனீ வந்து நக்கும்.

நீர்வேலிப் பெடியன்

எறியேல்ல ஐயா. ரெண்டை உருக்கி மெழுகு எடுத்திட்டன். ஒண்டு கொஞ்சம் நல்ல வதை, உருக்க மனம் வரேல்ல, பொலித்தீனால ரெண்டு சுத்துச் சுத்தி வீட்டு பிறீசருக்குள்ள வைச்சிருக்கிறன், நாளையோட ஒரு கிழமை. நேற்று மாமா பாசையூரில இருந்து விளைமீன் கொண்டந்தவர், அம்மா பிறீசரைத் திறந்து பாத்திட்டுக் கேக்கிறா, ஓமம் குடு எண்டு சொன்ன என்ர கதையை ரெண்டு நாளோட கைவிட்டிட்டு இப்ப தேனீயின்ர வருத்தத்தை மீனோட வைச்சிருக்கிறியோ எண்டு. மனிசருக்குத் தொத்தாது எண்டு எவ்வளவோ சொல்லிப் பாத்தன். மீன் இப்ப பக்கத்து வீட்டு பிறிட்ஜில.